டீச்சர் காட்டிய நாரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது. நாணலில் மாட்டிக்கொண்டு காற்றில் தலையாட்டிய வெள்ளைப் பை. அதைப் பறவை என்று நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். (முடிச்சை முதல் பத்தியிலேயே அவிழ்த்துவிட்டானே என்று கவலைப்படாதீர்கள். முடிச்சு பையில் இல்லை.)

2

முதல் முயற்சி: "கதிரவன் தன் பொற்கரங்களால் சதுப்பு நிலத்தைத் தழுவிய அந்த இனிய காலையில், மாணவச் செல்வங்கள்..."

வேண்டாம். பள்ளிப் பேருந்தில் யாரும் கதிரவனைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் சிப்ஸ் பாக்கெட் சண்டையில்.

இரண்டாம் முயற்சி: உயிரியல் டீச்சரின் மகள், அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறாள். வீட்டில் "அம்மா, நீ". பள்ளி வாசலைத் தாண்டினால் "டீச்சர், நீங்க". சட்டம் போட்டது அம்மா. மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், மகளுக்கு மட்டும் திட்டு கூடுதல். இன்று காலைகூட அவள் ஓடிப்போய்ப் பிடித்த ஜன்னலோர இடத்தைப் பறித்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

"எழுந்திரு. அவளுக்கு வாந்தி வரும்."

"எனக்குந்தான் வரும்... டீச்சர்."

அப்போது உம்மென்று தூக்கி வைத்த முகத்தை அவள் இன்னும் இறக்கவில்லை. கொஞ்சம் சாந்தமான பெண்ணாக எழுதிப் பார்த்தேன். ஒத்துழைக்க மறுக்கிறாள்.

3

சரணாலயத்தில் ஒரு பறவைகூட இல்லை. (சதுப்பு நிலத்தில் பறவை இல்லாமல் போகுமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினால் போகும்.) பார்வை மேடையிலிருந்து தெரிந்தது சேறு, நாணல், மறுபடியும் சேறு.

டீச்சர் தவித்துப்போனார். "புத்தகத்துலயே படம் இருக்கே, எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்ற தலைமையாசிரியரிடம் மன்றாடி வாங்கிய பயணம் இது. வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வருடம் கிடையாது.

"டீச்சர், இதுக்கு கிளாஸ்லயே தூங்கியிருக்கலாம்" என்றான் ஒரு வாயாடி.

அப்போதுதான் டீச்சர் கண்ணில் தூரத்து வெள்ளை பட்டது.

"அதோ! நாரை! சத்தம் போடாதீங்க... ரொம்ப அபூர்வமான நாரை!"

வகுப்பு அடங்கியது. டீச்சர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கெடுக்க எனக்கே மனசு வரவில்லை.

இருந்த ஒரே தொலைநோக்கிக்குத் தள்ளுமுள்ளு. முதலில் போய் நின்றது மகள். (தற்செயல் இல்லை. நான்தான் நிறுத்தினேன்.)

கண்ணை வைத்தாள். நாரைக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. வயிற்றில் ஏதோ கடையின் பெயர் இருந்தது.

"என்னடி தெரியுது? சொல்லேன்!" பின்னால் நெருக்கினார்கள்.

4

ஒரு முடிவு: "பை!" என்று கத்துகிறாள். ஜன்னலோரக் கணக்கு தீர்ந்தது. ஓய்வு பெறும்வரை அவர் 'பை டீச்சர்'. எழுதினேன், டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடித்துவிட்டேன்.

இன்னொன்று: பலத்த காற்றில் பை எழும்பி, சிறகு விரித்து, வானத்தில்... சே. எழுதுகிறவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

5

மகள் நிமிர்ந்தாள். டீச்சரைப் பார்த்தாள். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "நீயே வந்து பாரேன்."

மேடையே அதிர்ந்தது. "அம்மாவாம்டா!" "டீச்சரை 'நீ'ங்கிறா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகள் காது மடல்வரை சிவந்து நின்றாள். நாரையை ஒருவரும் நினைக்கவில்லை. அந்தச் சந்தடியில் டீச்சர் குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னாளா? எழுதிய எனக்கே சொல்லமாட்டேன் என்கிறாள். நிமிர்ந்த பிறகு டீச்சர் வகுப்பிடம் என்ன சொன்னார் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பை என்று ஒத்துக்கொள்ளட்டும், பறந்துவிட்டது என்று சமாளிக்கட்டும், உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பும்போது அந்த ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.