வெறுங்கால் படை

டயர்க் கடைக்கு மேலே இருந்த அறையில் ஞாயிறுதோறும் யுத்தம் நடக்கும். பெரிய மேசையில் பச்சைத் துணி, நீலத்தாளில் ஆறு, அட்டையில் குன்று, விரல் உயரச் சிப்பாய்கள். பகடை உருட்டி வெள்ளைக்காரர் காலத்துச் சண்டைகளை ஆடுவார்கள். தன் படைக்குச் சலுகை கேட்பவர், அதற்கான ஆதாரத்தைச் சரித்திரப் புத்தகத்திலிருந்து எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

மூட்டை இறக்கும் லோடுமேனுக்கு அந்தச் சட்டம்தான் தூக்க முடியாத மூட்டை. தலை நரைத்தபிறகு எழுத்துக்கூட்டக் கற்றவர். நாலு பேர் முன்னால் வாய்விட்டுப் படித்ததே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நூலகத்தில் தோண்டி ஒரு பத்தியைக் கண்டுபிடித்திருந்தார். அதை நம்பித்தான் சிப்பாய்களின் காலில் தீட்டிய கறுப்புப் பூட்ஸையெல்லாம் ஊசியால் சுரண்டி எடுத்தார்.

"என்ன மாமா, செருப்புகூட வாங்கிக் குடுக்காம சண்டைக்கு அனுப்புறீங்க? பாவம்!" என்றான் எதிர்ப்படைக்காரன். மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். வாயில்தான் கரண்ட் அதிகம்.

"சும்மா இரு மாப்ள. ஆத்தைத் தாண்டுனா பூட்ஸைக் கழட்டி மாட்டவே எல்லாருக்கும் ஒரு ஆட்டம் போகும். என் ஆளுங்களுக்குப் போகாது."

"ஆதாரம்?" என்றார் நடுவரான மருந்துக்கடைக்காரர்.

லோடுமேன் புத்தகத்தைப் பிரித்தார். விரல் வரியில் ஊர்ந்தது.

"'கொடுத்த பூட்ஸைச் சிப்பாய்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெறுங்காலோடு, ஓடிய வேகத்திலேயே ஆற்றைக் கடந்தார்கள்.'"

வழுக்கிக்கொண்டு வந்தது. வராமல் என்ன? "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, விட்டுடுங்க" என்று மனைவி கும்பிடுகிற அளவுக்கு அடுக்களையில் படித்துப் பழகியிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் நடுவர்.

ஆமாம் என்றால் முடிந்தது. பத்தியில் இன்னும் ஒரு வரி இருந்தது. தேடியது கிடைத்த சந்தோஷத்தில் அதை அவர் இதுவரை படிக்கவே இல்லை. ஆனால் மூட்டையைப் பாதி வழியில் போடுகிற ஆளா அவர்?

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். சட்டை முதுகில் ஒட்டியது.

"'ஆனால்... முட்புதர் மண்டிய குன்றில்... ஏற முடியாமல்... வழியிலேயே நின்றுவிட்டார்கள்.'"

படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது. இந்த ஆட்டத்தில் பிடிக்க வேண்டியதே அந்தக் குன்றைத்தான்!

அறை சிரிப்பில் அதிர்ந்தது. "மாமா, என் வேலையையும் நீங்களே பாத்துட்டீங்களே!" என்று மச்சான் மேசையைத் தட்டினான்.

வெறுங்கால் படை ஆற்றை ஒரே மூச்சில் கடந்தது. குன்றடியில் நின்று அடிவாங்கித் தோற்றது. லோடுமேன் ஒவ்வொரு சிப்பாயாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

படியிறங்கும்போது மச்சான் குரலைத் தணித்தான். "அந்தக் கடைசி வரி... அக்காகிட்ட படிச்சுப் பழகலதானே?"

"இல்ல."

"ஒரு எழுத்துகூடத் தப்பலையே மாமா."

லோடுமேன் பெட்டியைத் தோளில் ஏற்றி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"ஜெயிச்சீங்களா?" என்றாள் மனைவி, கதவைத் திறந்தபடியே.

"அது கிடக்கட்டும். நீ இப்படி உக்காரு" என்று புத்தகத்தை விரித்தார். "இந்தப் பத்தியில உனக்குத் தெரியாத வரி ஒண்ணு இருக்கு."