பக்கத்து நாற்காலி

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை, தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து இடம் பிடித்ததுதான். வெள்ளைச் சட்டை, மழித்த முகம், சீவிய தலை. நான்தான் சீவிவிட்டேன், தையல் தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு அவரை நன்றாக உடுத்தியே கூட்டிப்போய்ப் பழகிவிட்டேன். இன்றைக்கு அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது எங்கள் சங்கத்து அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மாற்றுத்திறனாளி உதவிச் சட்டத்தில் கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அடிபட்ட மூளைக்கு இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி, அக்கா நடையாய் நடந்து வாங்கிய கூட்டம் இது. அவள் மகனுக்கும் தலையில்தான் அடி. சட்டம் மாறினால் பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வருவார், நான் வேலைக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால், வேலைகூட அப்புறம்தான். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நிம்மதியாக ஒரு தடவை குளிக்க வேண்டும்.

"என்ன தொழில் பண்ணீங்க?" என்று கேட்டார் அரசுக் குழுவின் நடுவில் இருந்த கண்ணாடிக்காரர்.

"லாரிங்க. எங்க அண்ணன் வண்டி ஓட்டுவாரு. நான் பக்கத்துல உக்காந்து திட்டு வாங்குவேன்."

குழுவே சிரித்தது.

"நல்லாத்தானேம்மா இருக்காரு?"

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். வேறு வழி தெரியாமல் அவரிடமே கேட்டேன்.

"அந்த நாற்காலி யாருக்குங்க?"

"அண்ணனுக்குத்தான். வண்டிய நிறுத்திட்டு வந்துட்டிருக்காரு."

"வரட்டுமேம்மா," என்றார் கண்ணாடிக்காரர். "அதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி போதும். லாரி கவிழ்ந்த இடத்திலேயே அண்ணன் போய்விட்டார். அதை இவரிடம் சொல்லும்போதெல்லாம் வீட்டில் புதிதாக ஒரு சாவு விழும். தலையில் அடித்துக்கொண்டு அழுவார், தூங்கி எழுந்தால் அண்ணன் எங்கே என்பார். அதனால் சொல்வதையே விட்டுவிட்டோம். டீசல் போடுகிறார், டயர் மாற்றுகிறார் என்று நாளுக்கொரு பொய். எங்கள் மகள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

"இவர கொஞ்சம் வெளிய உக்கார வைக்கலாங்களா?"

"பாதிக்கப்பட்டவர் முன்னாடிதான் பேசணும்மா. அதான் விதி."

விதி இல்லாவிட்டாலும் வெளியே யாரிடம் விடுவது? கண் மறைந்தால் லாரியைத் தேடித் தெருவில் இறங்கிவிடுவார்.

"சொல்லிடும்மா," என்றாள் அக்கா காதோரம். "இத விட்டா நம்மள மறுபடி கூப்பிட மாட்டாங்க." அவள்மேல் ஆத்திரமாக வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

கண்ணாடிக்காரர் மைக்கை என் பக்கம் நகர்த்தினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சும்மா பேசு," என்று என் முதுகில் தட்டினார் வீட்டுக்காரர். "எதுக்குப் பயப்படுற? அண்ணன் வந்ததும் கிளம்பிடலாம்."

தாமதமாக வந்த யாரோ ஒருவர் அந்த நாற்காலியை இழுக்கப் பார்த்தார். இவர் கைக்குட்டையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, சிரித்தபடியே, "ஆள் வருதுங்க" என்றார்.