வெட்டி எடுத்த சத்தம்

என் வீடியோவில் கொசு பறக்கிற சத்தம்கூடக் கேட்காது. பீற்றிக்கொள்ளவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கொம்பியூட்டர் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, கூடவே குரலில் விளக்கி, தமிழில் பாட சீடி போடுகிறவர்கள் அந்த 2008இல் கண்டியிலே நானும் முத்துலிங்கமும்தான்.

எங்கள் அறை குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். ஹோர்ன் சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, மின்விசிறியை நிறுத்தி, திரையில் வேண்டாததையெல்லாம் ஒளித்து, மவுஸை அவசரப்படாமல் நகர்த்தி, வேர்த்து வழியப் பதிவு செய்வேன். பாடம் எழுதுவது முத்து. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்குள்ள பிள்ளைகளுக்கு விளங்காத ஒரு வரியையும் விடமாட்டான். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் மட்டும் ஓயாது.

சனிக்கிழமை மத்தியானம், கடிதத்தில் படம் சேர்க்கும் பாடம். பாதியில் தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். உடனே கதவைத் தள்ளிக்கொண்டு முத்து ஓடிவந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசினேன். பிறகு அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். பார்க்கிறவனுக்கு ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

திங்கட்கிழமை பஸ்ஸால் இறங்கிய முத்துவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் மனைவி பேச்சியம்மா போனில் அழுதாள்.

"அக்கா, சனிக்கெழம ட்ரான்ஸ்போமருக்குக் குண்டு வச்சப்ப எங்க இருந்தேன்னு கேக்குறாங்களாம். கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம்!"

யுத்தம் நடந்த அந்த நாட்களில், விசாரணைக்கென்று கொழும்புக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனேன்.

என்னோடுதான் இருந்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த லீலாதேவியின் வாய்ச் சாட்சிக்கு அங்கே என்ன மதிப்பு? அன்று செய்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார்.

"நல்ல வேலை. இதில் அவன் எங்கே?"

எங்கும் இல்லை. நான்தானே சுத்தமாகத் துடைத்திருந்தேன். என் கெட்டித்தனத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறுத்தேன்.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சீடி அடித்து முடியும்வரை வெட்டாத பதிவை அழிக்கமாட்டேன். அதைத் தேடி எடுத்துப் போட்டேன். திரையில் மவுஸ் மெதுவாக நகர்ந்தது. என் குரல் கேட்டது. டமார். கதவு அடிபட்டது.

"அக்கா! சத்தம் கேட்டிச்சா? வெடி போல இருக்கு!"

"வாயைப் பொத்தடா, ரெக்கோர்ட் போகுது!"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திகதியை மாற்றியிருக்கலாமே?"

"திகதியை மாற்றலாம், சேர். அந்த வெடிச்சத்தத்தை நான் எந்தக் கடையில் வாங்குவது?"

அவர் சிரிக்கவில்லை. குரல் அவனுடையதுதானா என்று பார்க்க வேண்டும் என்று முத்துவைக் கூட்டிவரச் சொன்னார். உதடு வீங்கி, சட்டை கிழிந்து வந்து நின்றான். அதே வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். அவனுக்குக் காற்றுத்தான் வந்தது. வாய் ஓயாத முத்துவை அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

"சத்தமாச் சொல்லு, முத்து!" என்று கத்தினேன். "அண்டைக்குக் கத்தின மாதிரிக் கத்தடா!"

என்னைப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"அக்கா! சத்தம் கேட்டிச்சா?"

அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் பதிவை மறுபடி போட்டுக் கேட்டார். பிறகு அதன் பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைக் கூட்டிப்போகச் சொன்னார்.

பேச்சியம்மாவிடம் ஒப்படைக்க நானும் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் தமிழ் பேசவே நாங்கள் பயந்திருந்த காலம் அது. மடவளை தாண்டியதும் முத்து வாயைத் திறந்தான். அடுத்த பாடம், அதற்கடுத்த பாடம் என்று வீங்கின உதட்டோடு பேசிக்கொண்டே வந்தான். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவனை அடக்கவில்லை.