பஸ் போன பிறகு

நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்து நிற்பார், இந்தப் பெண் தனக்கு வேண்டியது ஒன்றையாவது தானாகச் சைகையில் கேட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்... அப்புறம்? பள்ளிக்கூடம் விட்டாயிற்று, மாரியம்மாள் வந்து மகளைக் கூட்டிப்போகும் வரை பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் சாய்ந்திருந்தாள் சந்திரா டீச்சர், மடியில் அந்த மகள் சாமியம்மாளின் கை. ஏழு வயசு, கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, பிடிவாதத்தை மட்டும் ஊருக்கே பங்கு வைக்கலாம். ஒரு சைகைக்கு ஒரு துண்டு வெல்லம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், இவளும் கொஞ்ச காலம் செய்தாள், இப்போது வெல்லத்தைத் துப்புகிறாள்... துப்பாமல் என்ன செய்வாள், தினமும் தின்றால் எனக்கே குமட்டும். வீட்டில் அவருக்கு நைட் ஷிப்ட், போய்ச் சமைக்க வேண்டும், முதுகு வேறு விண்விண்ணென்று... காலையில் மாரியம்மாள் கேட்டாளே, “வேணாம்னுட்டாங்கன்னா கான்ட்ராக்ட் வேலைக்கும் போய்க்கினு இவள எப்பிடிங்க பாப்பேன், வூட்டுத் தூண்ல கட்டிப்போட்டுட்டுத்தான் போவணும் டீச்சர்.” நான் என்ன சொன்னேன்? பார்க்கலாம் என்றேன். எதைப் பார்ப்பது?

வேலையாட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. பெஞ்சு அதிர்ந்ததுமே சாமியம்மாள் துள்ளி எழுந்தாள், தடவிக்கொண்டே போய் இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தையும் பஸ்ஸின் தகரத்தில் ஒட்டிவைத்தாள், எஞ்சின் அதிர அதிர வாய்கொள்ளாத சிரிப்பு. தினமும் இழுத்துப் பிடிப்பது வழக்கம், இன்றைக்கு இழுக்கத் தெம்பில்லை, அவள் பாவாடையைப் பற்றிக்கொண்டு சும்மா நின்றாள் சந்திரா. டிரைவர் ராஜேந்திரன் தலையை நீட்டி, “பாப்பாவப் புடிச்சிக்குங்க டீச்சர், வண்டி எடுக்கணும்,” என்றான். பஸ் போயிற்று. சாமியம்மாள் வெறுங்காற்றைத் துழாவினாள். பிறகு சந்திராவின் கையைத் தேடிப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தித் தடதடவென்று ஆட்டினாள்... நிறுத்தினாள், காத்திருந்தாள், மறுபடியும் ஆட்டினாள். ஐயோ, அந்த அதிர்வு இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள். கேட்கிறாளே! இத்தனை நாளாக என் ஆசையை வெல்லத்தில் வைத்து ஊட்டினேனே தவிர, உனக்கு என்னடி வேண்டும் என்று ஒரு நாளாவது தேடினேனா? இப்போது கேட்டுவிட்டாள், கொடுக்க என்னிடம் பஸ் இல்லை, அடுத்தது வரும், பொறு என்பதற்கு ஒரு சைகைகூட இவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை... ஆட்டுகிற வேகம் தளர்ந்துகொண்டே வந்தது. இப்போது விட்டுவிட்டால் இனிமேல் யாரிடமும் எதையும் கேட்கமாட்டாளோ? சந்திரா சுற்றுமுற்றும் பார்த்தாள், ரோட்டில் ஆட்கள், பார்த்தால் பார்க்கட்டும். அந்தச் சின்னக் கைகளை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து எஞ்சின் மாதிரி உறுமினாள். சாமியம்மாள் சிரிக்கவில்லை, தலையைச் சாய்த்தபடி நின்றாள், கையை எடுக்கவுமில்லை. மூச்சு முட்டியது... எவ்வளவு நேரம்தான் உறுமுவது, அடுத்த பஸ் வருகிற வரைக்குமா?