பட்டியலில் இல்லாதவள்

பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் ஆவண அறையில் எல்லாரும் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சரியான கல்லுளிமங்கன். ரகசியக் கோப்பு வந்தால் உறைக்குள் உறை போட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவான். தெரிய வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இல்லாவிட்டால் இயக்குநரே வந்தாலும் கதவுக்கு வெளியேதான்.

இந்தப் புண்ணியவான் விடுமுறை நாட்களில் ஏசி பழுது பார்த்துச் சம்பாதித்தான், அதற்கு வரி கட்டவில்லை. வரி அலுவலகத்துக் கடிதங்கள் வரத் தொடங்கின. கூடவே கிரெடிட் கார்டுக் கடன் வேறு. இளைப்பதற்காகக் கடனில் வாங்கிய ஓட்ட இயந்திரத்தில் இப்போது துணி காய்கிறது. இளைத்தது அவனுடைய சேமிப்பு மட்டும்தான். கடிதங்களைப் பிரிக்கப் பயம். அலுவலகப் பழக்கம் விடுமா? உறைக்குள் உறை போட்டு ஒட்டி, ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினான். மனைவி அந்தப் பட்டியலில் இல்லை.

ரகசிய அறைக்கான அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. அவர் முன்னால் உட்கார்ந்தபோது, கடனைக் கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். அனுமதி போனால் வேலையும் போகும்.

"வரி பாக்கி, கார்டு பாக்கி எல்லாம் எங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது," என்றான், பதக்கம் கிடைக்கும் என்கிற தோரணையில். பிறகு நினைவு வந்தது. "மச்சானுக்கு மட்டும் தெரியும். வீடு மாத்தும்போது பெட்டி உடைஞ்சுது, உறையப் பிரிச்சுப் பார்த்துட்டான்."

"அவர் ஏதாவது கேட்டாரா?"

"சேச்சே. எப்பவாவது வண்டி கேப்பான். போன வருஷம் அவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தேன். குழாய் மாத்தினேன்."

"ஆசையாவா செஞ்சீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டல்லவா சுவரைத் தேய்த்தான்!

"நாளைக்கு வேற யாராவது இத தெரிஞ்சுக்கிட்டு, வண்டிக்குப் பதிலா கோப்பு கேட்டா?"

'கொடுக்க மாட்டேன்' என்று சொல்ல வந்தான். போன வாரம் மச்சான் வண்டி கேட்டபோதும் மனதுக்குள் இதைத்தான் சொன்னான். வண்டி இன்னும் திரும்பி வரவில்லை.

"கடன் எல்லாருக்கும் வரும்," என்றார் அதிகாரி. "ஒளிச்சு வைக்கிறதுதான் ஆபத்து. வரி ஆபீஸ்ல தவணைக்கு எழுதி வாங்கிட்டு வாங்க. உங்க மனைவிகிட்டயும் நான் பேசணும். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

அன்று மாலை பெட்டியை மனைவி முன்னால் திறந்தான். மருந்துக்கடையில் வேலை முடித்து வந்த களைப்போடு அவள் ஒவ்வொரு உறையாகக் கிழித்தாள். கிழித்தால் உள்ளே இன்னொன்று.

"என் தம்பிக்குத் தெரியுமா? அதான் கேட்டப்பல்லாம் வண்டி குடுத்தீங்களா?" என்றாள்.

தலையாட்டினான்.

"அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த வீட்டுல நான் யாருங்க?"

அவள் அழுதாள். கடனை விட அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது. 'ஊர் ரகசியத்தைக் காத்த மேதாவி, சொந்த வீட்டில் எதிரியாக நினைத்தது இவளைத்தானா!' என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

தவணைக் கடிதத்தோடு இருவரும் அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் ரகசியம் காப்பாத்துவாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"அதெல்லாம் நல்லாக் காப்பாத்துவார் மேடம்," என்றாள் அவள். "அதனாலதானே இங்க வந்து உக்காந்திருக்கோம்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கடன் பாதி அடையும்வரை அவனுக்கு ஆவண அறை கிடையாது, வரவேற்பு மேசைதான். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுகிறான் பூட்டு. வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் பிரிக்கிறாள், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து.