பதினெட்டு மீட்டர்

குளிர்காலம் முடிய ஒரு மாதமே இருந்தபோது ஏரிக்கரை வீட்டில் தண்ணீர் நின்றுபோனது. காலையில் அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கணவன் பஸ் டிரைவர். பரீட்சைக்குப் படிக்க வந்து தங்கியிருந்த நாத்தனாரையும் சேர்த்து வீட்டில் மூன்று பேர். நாத்தனாருக்கு வாய் ஓயாது. அதனால் அவள் பெயரே ‘ரேடியோ’.

குழாய்க்காரர் வந்து பார்த்தார். ஏரித் தண்ணீரை இழுக்கும் மோட்டார் கரையோரக் கொட்டகையில் நன்றாகத்தான் ஓடியது. கொட்டகையிலிருந்து வீடுவரை மண்ணுக்கடியில் வரும் பதினெட்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்தான் உறைந்திருந்தது.

“மேல வெயில் அடிக்குதேன்னு பாக்காதீங்கம்மா. குளிர் இப்பதான் மண்ணுக்குள்ள ஆழமா எறங்கியிருக்கு. தானா எளக ஒரு மாசம் ஆகும்.”

“தோண்டி எடுக்க முடியாதா?”

“இந்த மண்ணையா? கடப்பாரைதான் வளையும்.”

கொட்டகையில் பிடித்து வாளியில் சுமந்தார்கள். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று எல்லாவற்றுக்கும் பனி இறுகிய அந்தச் சரிவில் ஏற வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே கணவன் வழுக்கி விழுந்தான். முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டிரைவர் ஒரு வாரம் லீவு போட வேண்டியதாயிற்று.

“வீட்டைப் பூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். ஒரு மாசம்தானே?” என்றான்.

“நான் வரலை.”

“எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“கல்யாணமாகி பதினோரு வாடகை வீடு. பதினோரு தடவை மூட்டை கட்டியிருக்கேன். இது நம்ம வீடு. தண்ணி வரலைன்னா தண்ணியை வரவைக்கணும். நாம எதுக்குப் போகணும்?”

அவன் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டான். கோபம் வந்தால் அவன் செய்வது அதுதான்.

மறுநாள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. சுழலும் கல்லின்மேல் சூடேறாமலிருக்க ஒரு மெல்லிய டியூப் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தினமும் பார்ப்பதுதான். பெரிய குழாய்க்குள் இப்படி ஒரு டியூபை விட்டு வெந்நீரைப் பீய்ச்சினால்?

மாலையில் இருபது மீட்டர் டியூபும், செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பும் வாங்கிக்கொண்டு வந்தாள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாயின் முனையைக் கழற்றினாள். ரேடியோ டியூபில் மீட்டருக்கு ஒரு கோடாக நகப்பூச்சில் குறி வைத்தாள்.

“சிவப்பு தீந்துபோச்சு அண்ணி. எட்டுக்கு மேல ரோஸ்தான்.”

அவள் டியூபின் ஒரு முனையைப் பம்பில் மாட்டி, மறுமுனையைக் குழாய்க்குள் தள்ளினாள். முக்கால் மீட்டரில் பனிக்கட்டி இடித்தது. ரேடியோ பம்பை அடித்தாள். கொதிக்கும் நீர் உள்ளே போய், ஐஸ் தண்ணீராகத் திரும்பி வந்து கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. ஒரு நிமிடத்தில் டியூப் ஒரு விரல்கடை முன்னே நகர்ந்தது. அவளுக்கு அது போதும். லென்ஸிலும் மயிரிழை மயிரிழையாகத்தானே தேய்க்கிறாள்.

அன்று இரண்டு மீட்டர். அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு ஏழு வரை போனாள். வாளி சுமப்பது, அடுப்பில் தண்ணீர் காய்ச்சுவது, பம்படிப்பது, தள்ளுவது. தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பதினோராவது மீட்டரில் டியூப் நின்றது. மதியம்வரை தள்ளியும் அசையவில்லை.

“அவ்ளோதான் போல அண்ணி,” என்றாள் ரேடியோ, மெதுவாக.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழாமல் டியூபை முழுவதுமாக வெளியே உருவினாள். கடையில் சுருட்டி வைத்திருந்த டியூப். முனை இன்னும் வளைந்தே இருந்தது. பனியில் முட்டாமல் குழாயின் சுவரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

முனையை வெந்நீரில் முக்கினாள். இளகியதும் நீவி நேராக்கினாள். அது ஆறும்வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். ரேடியோ கொட்டகைக்குப் போயிருந்தாள்.

கணவன் எழுந்து வந்தான். நல்ல கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். ஆறியதும், “பம்பை இங்க குடு. ஒத்தக் கையால அடிக்கலாம்,” என்றான்.

“வலிக்கும்.”

“வலிக்கட்டும். அண்ணன் வீட்டுல அண்ணி சமையலைத் தின்னா இதைவிட வலிக்கும்.”

ஐந்து நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

பன்னிரண்டு. பதிமூன்று. பொழுது சாயும் நேரத்தில் பதினாறு. அதற்குள் ரேடியோவும் வந்து, மூவரும் முறை வைத்து அடித்தார்கள். பதினேழைத் தாண்டியதும் டியூப் சட்டென்று அவள் கையை விட்டு நழுவி உள்ளே ஓடியது. எதிரே தடுக்க எதுவும் இல்லை.

“மோட்டாரைப் போடு!” என்று கத்தினாள்.

ரேடியோ சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டாள். டியூபை முழுவதும் உருவுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முகத்தில் அடித்து, பேசினைக் கவிழ்த்து, சமையலறை முழுக்க ஓடியது. துடைக்க யாருக்கும் மனமில்லை. கணுக்கால் விறைக்க விறைக்க அதிலேயே நின்றார்கள்.

முனையைப் பூட்டிய பிறகு, மறுபடி உறையாமலிருக்கக் குழாயைப் பென்சில் கனத்துக்கு இரவும் பகலும் திறந்தே வைத்தாள். அந்தச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று ரேடியோ புகார் சொன்னாள்.

“சகிச்சுக்கோ. மண்ணு எளகற வரைக்கும் நிறுத்த மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, துவைக்காமல் குவிந்து கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு போனாள்.