சுருட்டைத் தலைக்கு ஒரு வேலை

பங்கஜம் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஒன்றும் அறியாதவள் போல் நின்றாள். சரிதா விடிந்ததும் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்து வைத்திருந்த சாறு அத்தனையும் போயிற்று.

"கோழ மாதிரி கொழகொழன்னு கெடந்துச்சு மதினி. கெட்டுப்போச்சுன்னு ஊத்திட்டேன்."

கெட்டுப்போனதாம்! அடிப்பாவி, அது எதற்கென்று உனக்குத் தெரியாதா? தேயிலை விலை விழுந்ததும் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் இருவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஊட்டித் துணிக்கடையில் ஆள் கேட்டிருந்தார்கள், அதுவும் ஒரே ஒரு ஆள். இன்று மதியம் இருவரும் போய் நிற்க வேண்டும். தலை அடங்கி, பார்க்க லட்சணமாக வரவேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். புருஷனின் தங்கை பங்கஜத்துக்கு என்ன கவலை, அவளுக்குப் படிந்த முடி. சரிதாவுக்குச் சுருட்டை. ஈரத்தலையில் அந்தச் சாற்றைத் தடவி, சீப்பே படாமல் விரலால் கோதிக் காயவிட்டால்தான் சுருள் சுருளாக நிற்கும். இல்லாவிட்டால் புதர்தான்.

சரிதா விடுவிடுவென்று உள்ளே போனாள். தோசை மாவுக்கென்று பங்கஜம் ஊறவைத்திருந்த வெந்தயத்தை அம்மியில் அரைத்து, துணியில் வடிகட்டித் தலை முழுக்கத் தடவிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தாள்.

"ஐயோ, அது மாவுக்கு வச்சது!"

"கொழகொழன்னு கெடந்துச்சு. கெட்டுப்போச்சோன்னு எடுத்துட்டேன்."

கடையில் முதலாளி கீர்த்திவாசன் வாயைத் திறப்பதற்குள் பங்கஜம் முந்திக்கொண்டாள். "ஐயா, மதினி தலை பூராவும் பேனுங்க."

சரிதாவுக்கு முகம் எரிந்தது. வேலை போயே போயிற்று என்று நினைத்தாள். கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி ஷண்முகப்ரியா எழுந்து வந்தாள். இறுக்கிப் பின்னியும் அவள் காதோரமெல்லாம் முடி சுருண்டு சிலிர்த்து நின்றது. சுருள் சுருளாக அடங்கி நின்ற சரிதாவின் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"பேனுமில்லை ஒண்ணுமில்லை. ஏனுங்க, இதுக்கு என்ன போடறீங்க?"

"வெறும் தேங்காயெண்ணெய்தாங்க," என்றாள் பங்கஜம்.

"அதைத்தான் நானும் கொட்டிக் கொட்டிப் பார்க்கறேனே!"

சரிதா நிமிர்ந்தாள். "வேலைல சேந்த பொறவு சொல்றேங்க."

ஷண்முகப்ரியா சிரித்துவிட்டாள். "நாளைக்கே வந்துருங்க." முதலாளி தலையாட்டினார்.

பஸ்ஸில் பங்கஜம் மூக்கை உறிஞ்சினாள். "நீ தெனமும் ஊட்டிக்குப் போயிட்டா வீட்டுல யாரு சோறாக்குறது?"

சரிதாவுக்கு இரக்கம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நெஞ்சு குளிர்ந்தது.

"நீதான். உனக்குத்தான் வேலை இல்லியே."